பதினாலாவது அழைப்பு

சரசா அக்காவின் இட்லிக் குண்டானுக்குள் ரிக் நம்பர் ஏழு கத்திக்கொண்டிருந்தது. துளை சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப் தீர்ந்துவிட்டது, இன்றைக்குள் லோடு கிளம்பாவிட்டால் மிஷினை நிறுத்தவேண்டியதுதான் என்று ராய்ப்பூர் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல் ஆவியோடு ஆவியாக மேலே வர, அக்கா ஒரு கையில் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முகத்துக்கு முன் விசிறிக்கொண்டு, ஏழு இஞ்சா எட்டு இஞ்சா, எத்தனை நீளம் என்று கேட்டு, கேட்டதைத் தன் மகனுக்குச் சொல்லி, அவன் அதை நோட்டுத் தாளில் எழுதி ஆபீசுக்கு ஓடிவந்து என் மேசையில் வைத்தபோது மணி காலை ஏழு நாற்பத்தெட்டு. அதே நேரத்தில் டீக்கடைச் சர்க்கரை டப்பாவில் ரிக் நம்பர் பதினெட்டு பேசிக்கொண்டிருந்தது, ரேஷன் கடை மண்ணெண்ணெய் டிரம்மில் ரிக் நம்பர் மூன்று, மாரியம்மன் கோயில் உண்டியலில் யாரென்று தெரியாத ஒருவர். உண்டியலில் வருவதை மட்டும் எடுக்க முடியாது, அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, சாவி வைத்திருக்கும் மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. என் மேசையில் நான்கு லைனும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

நான்குக்கு மேல் வருவது ஊருக்குள் சிந்தும். எங்கள் வெள்ளப்பாறையில் அப்படித்தான்.

என் பெயர் தமயந்தி. வயது பதினேழு. பத்தாவதில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கி, பதினொன்றாவதில் மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்து, பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அப்பா ரிக் நம்பர் ஒன்பதில் டிரில்லர் என்பதால் செந்தேர் போர்வெல்ஸ் முதலாளி அத்தப்பன் என்னை டெலிபோன் போர்டில் உட்காரவைத்தார். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆண் ரிக்கில் இருப்பார். லாரியில் ஏற்றிய துளைபோடும் மிஷினோடு மத்தியப்பிரதேசம், ஒரிசா என்று போனால் பத்து மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். அங்கே இருந்து ஊருக்குப் பேச எஸ்டிடி பூத்துதான் வழி, ஊரில் போன் இருந்தது ஆபீசில் மட்டும்தான். காலை எட்டு மணிக்குள் பேசினால் பாதிக் கட்டணம் என்பதால் இருபத்திரண்டு ரிக்கும் ஏழரையிலிருந்து எட்டுக்குள்தான் கூப்பிடும். நேற்று எத்தனை அடி போட்டோம், எத்தனை துளையில் தண்ணீர் வந்தது, டீசல் எவ்வளவு, யாருக்குக் காய்ச்சல். ஆபீஸ் போனில் வீட்டுப்பேச்சுப் பேசக்கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

வீட்டுப்பேச்சுக்கு வேறு வழி இருந்தது. ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு நிமிடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஆபீசுக்கு அடித்து, ரெண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். நாங்கள் எடுக்கமாட்டோம். எடுக்காததால் அவர்களுக்குக் காசு ஓடாது. ரெண்டு ரிங் என்றால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். ஏழு நாற்பத்தொன்று என்றால் சரசா அக்காவின் வீட்டுக்காரர். ஏழு ஐம்பத்திரண்டு என்றால் என் அப்பா ராக்கியப்பன். எட்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது நாலாம் நம்பர் விளக்கு ரெண்டு தரம் துடித்து அணையும். மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்குப் போகும்போது "அடிச்சுட்டாரு" என்று அம்மாவிடம் சொல்வேன், அம்மா சோற்றைப் போடுவாள்.

இருபதாவது ரிக் தேங்காய் உடைத்துக் கிளம்பிப் போன மறுநாள், ஐந்தாவது அழைப்பு டீக்கடைச் சர்க்கரை டப்பாவில் அடித்தது. ஏன், எப்படி என்று என்னைக் கேட்கவேண்டாம். எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன்மேன் வந்தார், ஒயரைத் தொட்டுப் பார்த்தார், டீக்கடையில் உட்கார்ந்து அந்த டப்பா அடிப்பதைக் கேட்டுக்கொண்டே ஒரு டீ குடித்தார், லைன் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊர் அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. மூடி இருக்கும் சாமானில்தான் ரிங் வரும், மூடியைத் திறந்தால் பேசலாம், மூடினால் துண்டிக்கும், மூடியில்லாத சாமானில் வரவே வராது என்பதைப் பெண்கள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். ஏழரை மணி ஆனால் தெருத்தெருவாகப் பானைகள் மூடப்பட்டன, திறந்த சாக்கடைக்குப் பலகை போடப்பட்டது, பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் மட்டும் எட்டு அடிக்கும்வரை திறந்தே வைக்கப்பட்டது, ஏனென்றால் ஒரு தரம் மூன்றாம் வகுப்புப் பையனின் புளிச்சோற்றுக்குள் ரிக் மேனேஜர் ஒருவர் கெட்டவார்த்தையில் திட்டி, அதை அவன் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிக்காட்டிவிட்டான். நேற்றுவரை டீசல் எந்த நிறம் என்று தெரியாத மருமகள்கள் எட்டு இஞ்ச் துளைபோடும் பிட்டுக்கும் ஆறரை இஞ்ச் பிட்டுக்கும் வித்தியாசம் சொன்னார்கள். பெண்பார்க்க வந்தவர்கள், சமையலறையில் எத்தனை சாமான் ரிங் ஆகும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எட்டு அடித்ததும் எல்லாம் அடங்கும், பாத்திரங்கள் மறுபடி பாத்திரங்களாகும், பெண்கள் துண்டுத்தாள்களோடு ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்பார்கள்.

எந்த அழைப்பு எந்தச் சாமானில் விழும் என்பதுதான் மூன்று வாரம் புரியவில்லை. அதையும் கண்டுபிடித்தார்கள், சண்டை போட்டுத்தான். ரிக் நம்பர் பதினாலின் டிரில்லர் ஆபீசுக்கு அடித்தார், டீசல் கேட்கத்தான் அடித்தார், ஆனால் ரிங் வந்தது அவர் வீட்டில் இல்லை, அவர் அம்மா வீட்டிலும் இல்லை, மேல்தெருத் தையல்கார சுலோசனாவின் பாபின் டப்பாவில். ஒருநாள் என்றால் போகட்டும் என்று விடலாம், நான்கு நாளும் அதே டப்பா. ஐந்தாம் நாள் அவர் பெண்டாட்டி போய் அந்த டப்பாவைத் திறந்து, "டீசல் இருக்குதுங்க, நெனப்புத்தான் எடம் மாறிப்போச்சு" என்று சொல்லி மூடிவிட்டு வந்தார். அன்றைக்குத் தெரிந்துபோனது. டயல் சுற்றும்போது ஆள் எதை நினைத்துக்கொண்டிருக்கிறானோ அதில் விழுகிறது. அதற்குப் பிறகு ஊரில் மாமியார்களின் வெற்றிலைப் பெட்டியும் மருமகள்களின் ரசச் சட்டியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இருந்தன, எதில் விழுகிறதோ அந்தக் கை அன்றைக்கு ஓங்கியிருந்தது, பத்து மாதம் வராத ஆண்கள் காலையில் அரைமணி நேரம் ஊர் முழுக்க நினைப்பாக நடமாடினார்கள்.

எங்கள் வீட்டில் எதுவும் அடிக்கவில்லை.

அம்மா பாவாயி ஏழு சாமானை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர்க் குடம், அரிசிக் குண்டான், உப்பு ஜாடி, அப்பாவின் ஷேவிங் டப்பா எல்லாம் வரிசையாக. நாலாம் நம்பர் விளக்கும் ஏழு ஐம்பத்திரண்டுக்குத் துடிப்பதில்லை, அந்த நிமிடத்தில் வேறு யாராவது அதைப் பிடித்திருப்பார்கள். நாற்பது நாள். பக்கத்து வீட்டில் அடிக்கும், எதிர்வீட்டில் அடிக்கும், நாற்பதாம் நாள் எதிர்வீட்டுக் கோழிக்கூடையில்கூட அடித்தது. ரிக் நம்பர் ஒன்பதின் மேனேஜரிடம் லைனிலேயே கேட்டேன். இழுத்து இழுத்துப் பேசினார். நாற்பது நாளுக்கு முன்பு பிலாஸ்பூரில் ராக்கியப்பன் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது, முதலாளிக்கு அப்போதே சொல்லியாயிற்று என்றார். முதலாளியிடம் போய்க் கேட்டேன். வந்துவிடுவார் என்று நினைத்துச் சொல்லவில்லை என்றார். ஊரில் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சரசா அக்கா அம்மாவுக்கு இட்லி கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். ஒன்று அப்பா உயிரோடு இல்லை, அல்லது எங்களை நினைக்கவில்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எது என்று தெரியவில்லை.

அந்த வாரம்தான் சேலத்திலிருந்து எபனேசர் சார் வந்தார். ஆபீசுக்கு எத்தனை லைன் வேண்டும், எவ்வளவு பெரிய போர்டு வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. முதலாளிக்குத் துண்டுத்தாள் அலுத்துவிட்டது. எபனேசர் சார் ஒல்லி, சட்டைப்பையில் நான்கு பேனா, எதற்கும் ஆச்சரியப்படமாட்டார். டீக்கடைச் சர்க்கரை டப்பா அடிப்பதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். மற்ற ஆபீசுகளில் லைன் கிடைக்காமல் போன அழைப்பை எண்ணவே முடியாது என்றார், அடித்தவன் எங்கேஜ் டோன் கேட்டுத் திட்டிவிட்டுப் போய்விடுவான், எத்தனை பேர் திட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும், இந்த ஊரில்தான் தவறிப்போன அழைப்பு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சாமானில் அடிக்கிறது, எண்ணிவிடலாம், கொடுத்துவைத்தவர்கள் என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு ரொம்பச் சுலபம். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு கணக்குச் சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். ரொம்ப நெரிசலான ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். அதில் எத்தனை அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நிமிடம், இரண்டையும் பெருக்கி அறுபதால் வகுத்தால் எந்நேரமும் சராசரியாக எத்தனை லைன் பிடிபட்டிருக்கும் என்று வரும். ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று வராது, கும்பலாக வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. அதனால் அவரிடம் இருக்கும் அட்டவணையைப் பார்த்து, நூறில் எத்தனை தவறினால் பரவாயில்லை என்று முடிவுசெய்து, அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

எண்ணினோம். எக்ஸ்சேஞ்சில் அவர் ஒரு பெட்டியை மாட்டினார், ஆபீஸ் நம்பருக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் எந்த நிமிடம், எத்தனை விநாடி என்று அது தாள்சுருளில் அடித்துக்கொண்டே இருந்தது. ஊருக்குள் வீட்டுக்கு வீடு கட்டம் போட்ட தாளும் பென்சிலும் கொடுத்தேன். வீட்டுக் கடிகாரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும் என்பதால் கோயில் மைக்செட்டை ஆபீஸ் மாடியில் கட்டி, மைக்கை என் மேசையில் வைத்தார்கள். நான் ஒரு காதில் ரிக்கோடு பேசிக்கொண்டே, நிமிடத்துக்கு ஒருதரம் மைக்கில் "ஏழு நாப்பத்தொண்ணு", "ஏழு நாப்பத்திரெண்டு" என்று சொல்வேன், ஊர் முழுக்க அந்தந்தக் கட்டத்தில் கோடு விழும். ரிங் வந்தால் ஒரு கோடு, எடுத்துப் பேசினால் அதன் மேல் ஒரு சுழி. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதத் தெரிந்தவர்கள் போட்டார்கள். உண்டியலுக்குப் பூசாரி போட்டார். மூன்று நாள் இப்படி எண்ணினோம், மூன்று நாளும் நான் பல் விளக்காமலே ஆபீசுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் முற்பகல் எபனேசர் சார் எல்லாத் தாளையும் பரப்பிவைத்துக் கூட்டினார். பேசிய அழைப்பு அறுபத்திரண்டு. சராசரி மூன்றரை நிமிடம். பெருக்கினால் இருநூற்றுப் பதினேழு, வகுத்தால் மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. நூறில் இரண்டு தவறலாம் என்று வைத்துக்கொண்டு அட்டவணையைப் பார்த்தால் எட்டு லைன். முதலாளிக்குச் சந்தோஷம். எங்கள் எக்ஸ்சேஞ்சில் புதிதாகக் கொடுக்க மிச்சம் இருந்ததே நான்குதான், நான்கும் நான்கும் எட்டு.

"ரெண்டு ரிங் விட்டதெல்லாம் எங்க சார்?" என்று கேட்டேன்.

அது நாற்பத்தொன்று வந்திருக்கிறது, ஆனால் யாரும் எடுக்கவில்லை, பேச்சு நேரம் பூஜ்யம், பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தான் என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் என் கண்ணெதிரே என் அப்பாவைப் பூஜ்யத்தால் பெருக்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் வேகமாக எண்ணுவேன். ரிங் போகிற ஆறு விநாடியும் லைன் பிடிபட்டுத்தானே இருக்கிறது என்று சொல்லி, அவருடைய மணிநேரக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, தாள்சுருளை எடுத்து நிமிடம் நிமிடமாகப் பார்த்தேன். அங்கேதான் அது இருந்தது. ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஊர் உச்சத்தில் இருந்தது, ஒரே நேரத்தில் பதினாலு அழைப்பு. என் மேசையில் நான்கு. வீட்டுத் தாள்களில் கோடுகளை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். நான்கும் ஒன்பதும் பதின்மூன்று.

முதல் நாள் சுருளை எடுத்தேன். ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பதினாலு, வீடுகளில் ஒன்பது. இரண்டாம் நாள், ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பன்னிரண்டு, வீடுகளில் ஏழு. எல்லா நாளும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் ஒன்று உதைத்தது. உதைக்கும் அந்த ஒன்றின் நேரம் சுருளில் அச்சாகியிருந்தது, ஆறு விநாடி.

"விட்டுரும்மா. ஊரே சேர்ந்து எண்ணியிருக்கு, நூத்துல ஒண்ணு தப்பு வரத்தான் செய்யும்" என்றார் எபனேசர் சார்.

"தப்பு தினமும் ஒரே நிமிஷத்துல வருமா சார்?"

அவர் ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மூடினார். வராது என்று ஒத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் ஊரைப் பிரித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு, மூடி இருக்கும் எந்தச் சாமானும் ஆளில்லாமல் இருக்கக்கூடாது. மேல்நிலைத் தொட்டிக்கு ஒருவர் ஏறினார், தபால்பெட்டிக்கு ஒருவர், பஞ்சாயத்துக் கிணற்றின் கம்பிக்கதவுக்கு ஒருவர், மொபெட்டின் பெட்ரோல் மூடிக்கு ஒருவர், கக்கூஸ் தொட்டிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவர். மைக்கில் "ஏழு ஐம்பத்திரெண்டு" என்று சொன்னேன். ஊர் முழுக்கக் காது. ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னும் எங்கே மூடி இருக்கிறது, எங்கே மூடி இருக்கிறது என்று அம்மாவைத் துளைத்தேன். அம்மா தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு ஊருன்னா அந்தக் குழிதான்."

ஊர்ப் பாறைக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி ரிக்கை ஒருநாள் எடுத்துக்கொள் என்று கொடுக்க, ஊர் ஊராகப் போய் ஊரான் காட்டிலெல்லாம் தண்ணீர் எடுத்த அப்பா, சொந்தக் காட்டில் தானே லிவரைப் பிடித்து நின்று துளை போட்டார். எண்ணூற்று நாற்பது அடி. தண்ணீர் வரவில்லை, வெள்ளைப் புழுதிதான் வந்தது, வந்து அவர் தலை, மீசை, கண்ணிமை எல்லாவற்றிலும் படிந்தது, அவர் அதைத் தட்டிவிடாமலே வீட்டுக்கு வந்தார். கேசிங் பைப்பின் வாயில் இரும்புத் தகட்டை வைத்து அவரே பற்றவைத்து மூடினார். அதற்குப் பிறகு அந்தக் காட்டுப் பக்கம் போனதே இல்லை. போகாத இடத்தைத்தான் மனுஷன் நினைத்துக்கொண்டே இருப்பான் போலிருக்கிறது.

மறுநாள் போர்டில் சரசா அக்காவை உட்காரவைத்தேன். ரிக்குக்குப் பதில் சொல்ல அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நானும் அம்மாவும் காட்டுக்குப் போய், முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டிருந்த பைப்பின் தகட்டில் காதை வைத்துக்கொண்டோம். தூரத்தில் மைக்கில் அக்காவின் குரல் ஏழு ஐம்பத்திரண்டு என்றது. ரொம்பக் கீழே, எண்ணூறு அடிக்கும் கீழே, ஒரு ரிங். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு ரிங். அவ்வளவுதான்.

அம்மா தகட்டிலிருந்து காதை எடுக்கவே இல்லை. வெயில் ஏறித் தகடு சுட்டபிறகுதான் எடுத்தாள்.

ரெண்டு ரிங்குக்குள் எடுக்கவேண்டும், ஆறு விநாடி. பட்டறை ஜாபர் அண்ணன் அன்றைக்கே வந்து தகட்டை அறுத்தெடுத்தார். அறுத்த வாயில் எங்கள் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து, பிள்ளைகள் எட்டிப்பார்க்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஏழரைக்கே போய்விட்டேன். எனக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் பாதி ஊர். கல்லை இறக்கிவைத்துவிட்டு, தாம்பாளத்தின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். முதல் ரிங் பாதியில் இருக்கும்போதே தூக்கிவிட்டேன்.

"அப்பா."

என் குரல் எண்ணூற்று நாற்பது அடி இறங்கித் திரும்பி வந்தது.

"ஆரு, தமயந்தியா? ஏம்புள்ள எடுத்த? காசு ஓடுது."

"ஓடட்டுங்ப்பா. எங்க இருக்கறீங்?"

பிலாஸ்பூரில் ஒரு பங்சர் கடையில் இருக்கிறார். தொடர்ந்து பதினோரு துளை வறண்டுபோனதாம், ராசியில்லாத கை என்று ரிக்கில் பேச்சு வந்ததாம், கடைசியில் அவர் தொட்ட சோற்றுக் கரண்டியைக்கூடப் பசங்கள் கழுவிவிட்டு எடுத்தார்களாம், இறங்கிவிட்டார். இதையெல்லாம் சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அடுத்ததைச் சொல்லும்போதுதான் மாறியது.

"அதான் தெனமும் ரெண்டு ரிங் உட்டுட்டு இருக்கறனே. வர்லியா?"

"வர்லீங்ப்பா. லைன் பத்தல."

அம்மா என்னைத் தள்ளிவிட்டுப் பைப்பின் வாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டு, முழுதாக மூன்று நிமிடம் திட்டினாள். என்னென்ன சொன்னாள் என்று எழுதப்போவதில்லை, கூட வந்த ஊரே பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. வீட்டுக்கு வாங்க என்று முடித்தாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்று அப்பா கேட்டார்.

"இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாங்க" என்றேன் நான் பக்கத்திலிருந்து. "அப்பறம் ஒண்ணுங்ப்பா. நீங்க நெனைக்கற எடத்துலதான் ரிங் விழுது. உங்குளுது இந்தக் குழிக்குள்ள விழுந்துட்டு இருக்குது. நாளைக்கு நம்மூட்ட நெனச்சுட்டு அடிங்."

பதில் வருவதற்குள் எட்டு மணி ஆகி, பூத்துக்காரன் கட்டணம் ஏறிவிட்டது என்று சொல்வது கேட்டது, அப்பா துண்டித்துவிட்டார்.

நினைப்பை மாற்று என்றால் உடனே மாற்ற முடியாது போல. மறுநாளும் குழியில்தான் அடித்தது. அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் குழியில் அடிக்கவில்லை, வரப்போரம் ஜாபர் அண்ணன் விட்டுப்போன ஆணி டப்பாவில் அடித்தது. ஏழாம் நாள் பாறைக்கு இந்தப்பக்கம், பஸ் நிறுத்தத்துக் கடையின் முறுக்கு ஜாடியில். பத்தாம் நாள் எங்கள் தெருமுனைக் குடிநீர்த் தொட்டியில். யாரும் எடுக்கவில்லை. எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். ரெண்டு ரிங் முழுசாக அடித்து ஓயும், கேட்டவர்கள் வந்து அம்மாவிடம் எந்த இடம் என்று சொல்வார்கள். பிலாஸ்பூரில் ஒரு பங்சர் கடையில் உட்கார்ந்துகொண்டே அவர் எங்கள் வீட்டை நோக்கி நடந்துவந்துகொண்டிருந்தார், ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக.

அந்தப் பத்தாம் நாள் மத்தியானம்தான் புதுப் போர்டு வந்து இறங்கியது. எட்டு லைனுக்கானது. பதினாலு வேண்டும் என்று நான் எபனேசர் சாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். தன் அட்டவணைக்கு எட்டு மணிக் கட்டணமும் தெரியாது, ரெண்டு ரிங்கும் தெரியாது, நீ எண்ணியதுதான் சரி என்று முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டார். அதற்கு அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. முதலாளி யோசித்தார். எக்ஸ்சேஞ்சில் எட்டுக்குமேல் இல்லை. பதினாலை எட்டாக்க என்ன வழி என்று கேட்டார். ரெண்டு ரிங் விடுவதை நிறுத்தினால் எட்டே தாராளம் என்றார் எபனேசர் சார், கேட்டதற்குப் பதில் சொல்கிறவர் அவர்.

"அப்பறமென்ன. புள்ள, நாளைக்கு லைன்ல வர்ற அத்தன ரிக்குக்கும் சொல்லிப்போடு. ரெண்டு ரிங் வுடற சோலியே இனி வேண்டாம். ஊருக்குள்ள குண்டான் அடிக்கறதும் நின்னுபோகும்" என்றார் முதலாளி.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கணக்குப்படி அதுதான் சரி. மற்ற நாற்பது பேரும் நிறுத்திவிட்டால் லைனில் இடம் இருக்கும், ரிக்கில் இல்லாததால் இந்தச் சேதி எட்டாத அப்பாவின் ரிங் என் மேசைக்கு வந்து ஒரு சிவப்பு விளக்காகத் துடித்து அணையும், அம்மா உட்கார்ந்திருக்கும் ஏழு சாமானில் எதற்கும் ஒருநாளும் வராது. மற்ற நாற்பது வீட்டுக்கு விளக்குகூடக் கிடையாது. தெருமுனைவரை வந்த மனிதரைத் தெருமுனையிலேயே நிறுத்தவேண்டும்.

மறுநாள் காலை ஏழரைக்குப் புதுப் போர்டின் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எட்டு விளக்கு. முதல் அழைப்பு ரிக் நம்பர் பன்னிரண்டு. அடி எத்தனை என்று கேட்டேன், டீசல் கேட்டேன், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டேன், வேறு ஏதாவது சேதி உண்டா என்று அவர் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். அடுத்தது ஐந்து. அடுத்தது இருபது. முதலாளி கண்ணாடிக்கு அந்தப்புறம் வெற்றிலை மென்றுகொண்டு, எரிகிற விளக்குகளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏழு ஐம்பதுக்கு எட்டும் எரிந்தன. ஏழு ஐம்பத்தொன்றுக்குச் சரசா அக்காவின் குண்டான் அடிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஏழு ஐம்பத்திரண்டுக்கு நான் ரிக் நம்பர் ஒன்பதை லைனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினேன். எங்கள் வீடு ஆபீசுக்கு நாலாவது வீடு. தண்ணீர்க் குடத்தில் அடித்தது, நீருக்குள் அடிப்பதுபோல, ஒன்று, பிறகு இன்னொன்று. அம்மா மூடியைத் தொட்டிருக்கமாட்டாள். ஓய்ந்தபிறகு அவள் வாசலுக்கு வந்து, ஆபீஸ் ஜன்னலைப் பார்த்து, கையை மட்டும் ஒருதரம் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

எட்டு மணிக்கு முதலாளி கண்ணாடிக்கதவைத் திறந்து, எல்லா ரிக்குக்கும் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். முதலாளியிடம் எனக்குப் பொய் வராது. சொல்லலீங்க என்றேன். மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்லிப்போடு என்றார்.

மறுநாள் இருபத்திரண்டு ரிக்கும் வந்தன, இருபத்திரண்டு பேரிடமும் பேசினேன். அதைச் சொல்லவில்லை.